லேசான சண்டை

கம்போடியாவுக்கும் தாய்லாந்துக்கும் சண்டை வந்தபோது நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இட்லிக் கடைக்குப் பேப்பர் படித்துக் காட்டுபவனாக இருந்தேன். சம்பளம் ஆறு இட்லி. ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அந்தப் படிப்பு அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அவ்வளவுக்கு விலைபோனதில்லை.

ஓரிடத்தில் நிற்கிற கால் எனக்கு இல்லை. பழவேற்காட்டில் படகு தள்ளியிருக்கிறேன். பெரியபாளையம் பக்கம் செங்கல் சூளையில் மண் மிதித்திருக்கிறேன். ஆர்.கே.பேட்டை சந்தையில் ஒரு போகம் முழுக்க மூட்டை தூக்கினேன்; ஒருநாள் எதற்கென்று தெரியாமலே பஸ் ஏறிவிட்டேன். அந்த வருஷம் இரும்பைக் காய்ச்சிக் கம்பி இழுக்கும் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் ஆள். எட்டு மணிக்கு ஷிஃப்ட். ஆறரைக்கெல்லாம் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த கடைக்கு வந்துவிடுவேன். நாலு இரும்புக் குழாய், மேலே தகரம், கீழே இரண்டு பெஞ்சு. அதுதான் கடை.

கடைக்கார அக்காவுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் தினம் மூன்று பேப்பர் வாங்குவாள். அந்தக் கடையில் பேப்பருக்கு இரண்டு பிறவி. காலையில் கஸ்டமர்கள் தாள் தாளாகப் பிரித்துப் படிப்பார்கள். பத்து மணிக்கு மேல் அதே தாள் இலையோடு சேர்ந்து பார்சல் கட்டப் போகும். முதல் பக்கத்தில் ஆரம்பித்து "தொடர்ச்சி ஏழாம் பக்கம்" என்று போட்ட செய்தியெல்லாம் எங்கள் கடையில் முடிந்ததே இல்லை. ஏழாம் பக்கம் வடையோடு போயிருக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. தாளில் சாமி படம் இருந்தால் அக்கா அதில் பார்சல் கட்டமாட்டாள். அம்மன் முகத்தில் சட்னி படலாமா? அந்தத் தாளைத் தனியாக எடுத்து, கல்லாவுக்குப் பின்னால் இருந்த பவானியம்மன் படத்தின் கீழே அடுக்கி வைப்பாள். சேர்ந்ததும் மொத்தமாகக் கொண்டுபோய் ஆற்றில் விடுவாள். அதனால் ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கிழிப்பாள். படிக்கத் தெரியாதவள்தான், ஆனால் எங்கள் எல்லோரையும்விடப் பேப்பரை முழுசாகப் பார்த்தவள் அவள்.

அக்காவின் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். இங்கே ஒரு கம்பெனியில் இருந்தவர், ஏஜென்ட் சொன்னானென்று கம்போடியாவுக்குப் போனார். தாய்லாந்து எல்லையை ஒட்டிய ஊர், சூதாட்டக்காரர்கள் தங்குகிற பெரிய ஹோட்டல், நூற்றுக்கணக்கில் ஏசி. ஆடி மாசம் அந்த எல்லையில் ஒருதரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஏஜென்டிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் பேசி முட்ச்சிட்டாங்க, பேப்பர்லயே போட்டான்" என்று சொல்லியிருக்கிறான். ஆவணியில் போனார். பாஸ்போர்ட்டை ஹோட்டல் மேனேஜர் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கூப்பிடுவார். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்ப்பாள். கடையில் இருக்கிற எல்லோரும் நலம் விசாரிப்போம்.

கார்த்திகையில் மறுபடி ஆரம்பித்தார்கள். மூன்று பேப்பரிலும் முதல் பக்கம்.

மூன்றையும் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று சிவப்புத் தலைப்புப் பேப்பர். ஆச்சரியக்குறி இல்லாமல் அதற்கு மூச்சே வராது. முதல் நாள் "தாய்லாந்து பாய்ச்சல்! கம்போடியா கதறல்!" மறுநாள் "கம்போடியா பதிலடி! தாய்லாந்து திணறல்!" ஒருநாள் இவனுக்குப் பாயிண்ட், ஒருநாள் அவனுக்கு. எழுதியவர் அதற்கு முன்னால் கபடிப் போட்டி எழுதிக்கொண்டிருந்தவராக இருக்க வேண்டும்.

இரண்டாவது, படித்தவர்களின் பேப்பர். அதில் யாரும் யாரையும் சுடமாட்டார்கள். "துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது." மழை பெய்வது மாதிரி, வெயில் அடிப்பது மாதிரி, அது பாட்டுக்கு நிகழ்ந்தது. "இரு தரப்பும் பரஸ்பரம் குற்றம்சாட்டின." இந்த வரி தினமும் வரும். நாலாம் நாள் நான் தாளைப் பார்க்காமலே சொன்னேன்.

மூன்றாவது பேப்பருக்கு மனுஷனைப் பற்றிக் கவலையில்லை, கோயிலைப் பற்றித்தான். அந்த எல்லையில் பழைய சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. யாருக்குச் சொந்தம் என்று இரண்டு நாட்டுக்கும் ரொம்ப நாள் வழக்கு. அந்தப் பேப்பரில் தினமும் கோயில் படம் வரும். ஒருநாள் அதைக் கட்டியது நம் ராஜா என்று எழுதினார்கள். மறுநாள், நம் ராஜாவுக்குச் சொந்தக்காரர். அதற்கு மறுநாள், நம் ராஜாவைக் கேள்விப்பட்டவர்.

செத்தவர்கள் கணக்கும் அப்படித்தான். ஒன்றில் "பலர்", ஒன்றில் "சிலர்", ஒன்றில் தொடர்ச்சி ஏழாம் பக்கம். ஆனால் மூன்று பேப்பரும் சேர்ந்து கவலைப்பட்ட விஷயம் ஒன்று இருந்தது. கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்: பாங்காக் டூருக்கு டிக்கெட் போட்டவர்கள் என்ன செய்வது?

கடை இரண்டாகப் பிரிந்தது. அக்காவின் வீட்டுக்காரர் அங்கே இருப்பதால் நாங்கள் எல்லோரும் கம்போடியா கட்சி. எதிர்ப்பக்கத்து டீக்கடையில் வம்புக்கென்றே தாய்லாந்து கட்சி ஆனார்கள்.

"இன்னாப்பா, உங்காளு இன்னிக்கு வாங்கிக்கினானாமே!" என்று அங்கிருந்து கத்துவார்கள்.

"நாளைக்குப் பேப்பர பாரு, தெரியும் சேதி!" என்று எங்கள் கம்பெனி வாட்ச்மேன் அண்ணன் திருப்பிக் கத்துவார். வரைபடத்தில் கம்போடியா எது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒருவர் ஆந்திரா பக்கத்திலிருந்து வருவார். எல்லோரையும் நைனா என்று கூப்பிடுவதால் அவருக்கே நைனா என்று பேர் வைத்திருந்தோம். அவர் இட்லியைப் பிய்த்துக்கொண்டே, "நானு தெனம் பார்டர் தாண்டி நாஷ்டா துன்ன வர்றேன் நைனா. ஒருத்தனும் சுடல. செக்போஸ்ட்ல லாரியத்தான் புடிப்பான்" என்பார்.

இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. எல்லைத் தகராறில் நானே பேப்பரில் வந்திருக்கிறேன். பழவேற்காடு ஏரியில் இரண்டு குப்பத்துக்கு நடுவே, எந்தக் குப்பத்து வலை எதுவரைக்கும் போகலாம் என்று பேச்சு தடித்தது. நான் எந்தக் குப்பமும் இல்லை, கூலிக்குப் படகு தள்ளுகிறவன். என்னதான் பேசுகிறார்கள் என்று கரையில் நின்று பார்த்தேன். கையில் படகு தள்ளும் கழி. மறுநாள் பேப்பரில் என் படம் வந்தது. கீழே "ஆயுதங்களுடன் திரண்ட கும்பல்." கும்பலில் என் முகம்தான் தெளிவாக இருந்தது. "அப்பகுதியில் பதற்றம் நிலவுகிறது" என்றும் போட்டிருந்தார்கள். அந்தச் செய்தி வெளிவந்த நேரத்தில் இரண்டு குப்பத்துப் பெரியவர்களும் போலீஸ்காரர்களும் ஒரே பந்தலில் உட்கார்ந்து மடவை மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குழம்பு பேப்பரில் வரவில்லை. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு மாசம் அங்கே யாரும் வேலை தரவில்லை. அதனால் "பதற்றம்" என்று எங்கே படித்தாலும், பாவம், யாரோ கழியோடு நின்றிருப்பான் என்றுதான் தோன்றும்.

கம்போடியாவும் அப்படித்தான் என்று முதலில் நினைத்தேன். அது என் தப்பு.

சண்டை ஆரம்பித்த ஞாயிறு போன் வரவில்லை. அக்காவுக்கு எழுத்து தெரியாது, டிக் தெரியும். குரல் பதிவு அனுப்பினால் ஒரு டிக் என்றால் போய்ச் சேரவில்லை, இரண்டு என்றால் சேர்ந்தது, நீலம் என்றால் கேட்டாயிற்று. அனுப்பியதெல்லாம் ஒரு டிக்கிலேயே நின்றது.

மறுநாள் காலை மாவுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டாள். "தம்பி, எங்கூட்டுக்காரர் ஊராண்ட இன்னா போட்டுக்கீறான்?"

என் கையில் சிவப்புத் தலைப்பு. அந்த ஊர்ப் பேரே போட்டிருந்தது. குண்டு விழுந்தது, ஹோட்டல்கள் மூடல், ஜனங்கள் ஓட்டம். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பக்கம் வாட்ச்மேன் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

"லேசான சண்டைதான்க்கா" என்று படித்தேன். "எல்லையில இருக்கிற காட்டுக்குள்ள. ஊருக்கெல்லாம் ஒண்ணும் இல்லையாம். டவர்தான் கொஞ்சம் பழுது."

"டவர்னு போட்டுக்கீறானா?"

"போட்டிருக்கான்க்கா."

"அப்ப சரி" என்று மாவை ஊற்றினாள். அன்றைக்கு எனக்கு இரண்டு இட்லி அதிகம் வைத்தாள். அதைச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று முதல் அந்தக் கடையில் நாலாவது பேப்பர் நான்தான். மற்ற மூன்றையும்விட நன்றாக நடத்தினேன். தினமும் ஒரே மாதிரி சொன்னால் சந்தேகம் வரும் என்று, ஒருநாள் கொஞ்சம் ஏற்றி, ஒருநாள் இறக்கிப் படிப்பேன். "இன்னிக்கு ரெண்டு தரப்பு பெரிய ஆபீசருங்களும் கை குலுக்கிக்கினாங்களாம்." "டவர் ரிப்பேருக்கு ஆளு வந்துட்டாங்களாம்." உண்மைச் செய்தியை நாங்கள் ஆண்பிள்ளைகள் கம்பெனி கேட் பக்கம் போய் நின்று பேசுவோம். போனில் பார்க்கலாமே என்றால், செய்தி சொல்கிறவன் போடும் சத்தத்தில் மாவு புளித்துவிடும் என்று அக்கா அந்தப் பக்கமே போகமாட்டாள். பேப்பர்க்காரன்தான் அவளுக்கு நிதானமான ஆள். அதாவது நான்.

நைனாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "தப்பு நைனா. ஒருநாள் பேஜாரு ஆவும்" என்றார்.

"உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே, அப்புறம் என்ன?" என்றேன்.

"மொகம் படிக்கத் தெரியும்ல" என்றார்.

அப்புறம் புயல் சின்னம் வந்தது. வங்கக் கடலில் அது உருவானதும் கம்போடியா முதல் பக்கத்திலிருந்து ஐந்தாம் பக்கத்துக்குப் போனது. புயல் நகர நகர, சண்டையும் ஒன்பதாம் பக்கத்துக்கு நகர்ந்து, ராசிபலனுக்குப் பக்கத்தில் நாலு வரியாக உட்கார்ந்தது. புயல் நம் கரைக்கு வந்த அன்று சண்டையே காணோம். யார் ஜெயித்தார்கள், யாராவது நிறுத்தினார்களா, ஒன்றும் இல்லை. எங்கள் கடையைப் பொறுத்தவரை இரண்டு நாட்டு ராணுவத்தையும் அடக்கியது திருவள்ளூர் மாவட்டத்து மழைதான்.

"இன்னிக்குச் சண்ட இன்னாச்சி?" என்று அக்கா கேட்டாள்.

"இன்னிக்கு ஒண்ணுமே போடலக்கா." அந்த இரண்டு வாரத்தில் நான் சொன்ன முதல் உண்மை. அதைக் கேட்டு அவள் பவானியம்மன் படத்துக்குக் கற்பூரம் ஏற்றினாள். சண்டை முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாள்.

இப்போது பேப்பர்களின் பார்வை எங்கள் மேல் திரும்பியது. "மிதக்கிறது திருவள்ளூர்! தத்தளிக்கிறது கும்மிடிப்பூண்டி!" என்றது சிவப்புத் தலைப்பு. நாங்கள் கணுக்கால் தண்ணீரில் நின்று அதைப் படித்தோம். "மழைநீர் தேக்கம் நிகழ்ந்தது" என்றது படித்தவர்களின் பேப்பர். மூன்றாவது பேப்பரில் ஏதோ கோயில் குளம் நிரம்பிய படம். வாட்ச்மேன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "தத்தளிக்கிற மூஞ்ச பாத்துக்கோ" என்று எதிர் டீக்கடைக்குக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு மத்தியானமே காற்று ஒரு தூக்குத் தூக்கி, அக்கா கடைத் தகரத்தில் பாதியைக் கழற்றிக் கம்பெனி மதில் மேல் கொண்டுபோய் வைத்தது. மாவு, அரிசி, அடுப்பு எல்லாம் நனைந்தன. அதற்கு மறுநாள் பேப்பரில் ஒரு நடிகரின் கல்யாணம். நாங்கள் ஒன்பதாம் பக்கத்துக்குப் போயிருந்தோம்.

மழை விட்டதும் அக்கா மிச்சத் தகரத்தின் கீழ் அடுப்பை மூட்டினாள். அம்மன் படத்தின் அடியில் இருந்த சாமித் தாள்கள் ஊறிப்போயிருந்தன. சாமி படத்தை அழுகவிடக் கூடாது என்று, அடுப்புப் பக்கத்துப் பெஞ்சில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவைத்தாள்.

நான் மறந்தது அதைத்தான். கம்போடியாக் கோயிலும் அவளுக்குச் சாமி படம். மூன்றாவது பேப்பரின் சண்டைப் பக்கம் ஒன்றுகூடப் பார்சலுக்குப் போகவில்லை. அத்தனையும் வரிசையாக இருந்தது, நாள் தவறாமல்.

நான் போனபோது பெஞ்சு முழுக்கத் தாள். முதல் தாளில் கோயில். அடுத்ததில் கோயிலுக்குப் பின்னால் புகை. அதற்கடுத்து, உடைந்த படி. அதற்கடுத்து, கோயில் மூலையில் சின்னதாக, பக்கம் முழுக்க ஜனங்கள்: தலையில் மூட்டை, டிராக்டரில் கிழவிகள், பாயில் சுற்றிய ஏதோ. அந்தப் படத்தின் மேல் அக்கா விரலை வைத்து ஒவ்வொரு முகமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். தேடுகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வா" என்றாள். திரும்பவில்லை. "இது காடா?"

விரல் டிராக்டருக்குப் போனது.

"டவர் ரிப்பேருக்கா இந்தக் கெயவி டிராக்டர் ஏறிப் போவுது?"

"அக்கா, நீ பயந்துடுவேன்னு..."

"நான் பயந்தா உனக்கு இன்னா? எம் புருசன், நான் பயந்துக்குவேன். அத்தக்கூட நீயே வச்சிக்குவியா?" என்று சொல்லிவிட்டுக் கேட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். "வாட்ச்மேன் அண்ணா, இங்க வா. இவன் படிக்கட்டும், நீ பக்கத்துல நின்னு சரியாப் படிக்கிறானான்னு பாரு."

வாட்ச்மேன் அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். அவரும் இதில் கூட்டு என்பது அவளுக்குத் தெரியும் என்று அவர் தலை குனிந்ததிலேயே தெரிந்தது. நான் படித்தேன். ஊர்ப் பேர், குண்டு, ஹோட்டல், எல்லாம். ஈரத்தில் எழுத்து கலைந்த இடத்தில் நின்றால், "ம், அப்புறம்?" என்பாள். அதே ஜனங்கள் படம், பின்பக்கம் சாமி படம் இருந்ததால் தப்பிய இன்னொரு பேப்பரின் பழைய தாளிலும் இருந்தது. இதில் "தாய்லாந்து அகதிகள்" என்றும் அதில் "கம்போடிய அகதிகள்" என்றும் போட்டிருந்தார்கள்.

"ரெண்டுல எது?" என்றாள்.

"தெரியலக்கா."

"தெரியலன்னு மொத நாளே சொல்லியிருக்கலாம் இல்ல? ரெண்டு திங்கக்கெழம போச்சி. கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்திருப்பேன். முட்ச்சிட்டாங்கன்னு கற்பூரம் ஏத்திக்கினு குந்திக்கினு இருந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த ஈடு இட்லியை இறக்கி எனக்கு ஆறை எண்ணி வைத்தாள். சரியாக ஆறு.

திங்கட்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு திருவள்ளூர் போனேன். மனுவை முந்தின நாளே நான் எழுதிவிட்டேன். எனக்குத் தெரிந்த எழுத்துத் தமிழ் பேப்பரில் படித்ததுதான், அப்படித்தான் வந்தது. பஸ் பெரியபாளையத்தில் நின்றபோது, பவானியம்மன் கோயிலுக்கு இறங்கலாமா என்று கேட்டேன். "வர்றப்போ பாத்துக்கலாம். மொதல்ல கலெக்டரு" என்றாள்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் யாராவது மண்ணெண்ணெய் வைத்திருக்கிறார்களா என்று போலீஸ் பையைச் சோதித்தது. அக்காவின் பையில் சாமித் தாள்கள் இருந்தன. போலீஸ்காரம்மா அதை விரித்துப் பார்த்து, சிவன் கோயில் என்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே விட்டாள்.

வரிசையில் பாதி தூரம் போயிருப்போம். அக்காவின் போன் அடித்தது. தெரியாத நம்பர், வெளிநாட்டு நம்பர். எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள், பழக்கம்.

"ஏய், நான்தான்" என்றார் வீட்டுக்காரர்.

வரிசையில் பட்டாவுக்கு நின்றவர், ரேஷன் கார்டுக்கு நின்றவர், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பாரம் முழுக்க என் மேல்.

"யோவ்! எங்கய்யா கீற?"

"எல்லைய வுட்டு உள்ளார ஒரு பள்ளிக்கூடத்துல தங்கவச்சிருக்காங்க. என் போனு ஹோட்டல்லயே போச்சி. இது கூட வேல செய்றவன் போனு. அத்த வுடு, நீங்கல்லாம் எப்டி கீறீங்க? திருவள்ளூரே முழுகிப் போச்சின்னு போட்டிருக்கான்! கும்மிடிப்பூண்டி தத்தளிக்குதாமே! ரெண்டு நாளா தூக்கமே இல்ல எனக்கு."

அக்கா வெளியே பார்த்தாள். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ வேலி மேல் சட்டை காயப்போட்டிருந்தார்கள்.

"அதெல்லாம் சும்மா எயுதறான்யா. லேசான தூறல்தான்."

"கடைக்கி ஒண்ணும் இல்லியே?"

"கடைக்கி இன்னா? நல்லாக் கீது. நீ சொல்லு, அங்க சண்ட எப்டி?"

"இங்கயா? லேசான சண்டைதான். காட்டுக்குள்ளாரதான். ஊருக்கு ஒண்ணும் இல்ல. டவர்தான் கொஞ்சம் பழுது."

நான் சொல்லிக்கொடுத்த மாதிரி அப்படியே சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள். போன் அறுந்துவிட்டது.

"கிடைச்சிட்டார்க்கா!" என்றேன். "இனி மனு எதுக்கு? போலாமா?"

அவள் வரிசையில் ஓர் அடி முன்னால் போய் நின்றாள்.

மேசைக்கு வந்ததும் மனு வாங்குகிறவர் என் எழுத்தைப் படித்தார். "குண்டு மழையில் சிக்கித் தவிக்கும் என் கணவர்... கண்ணீரில் மிதக்கும் அபலை... பதற்றம் நிலவுவதால்..." மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "இன்னாப்பா இது, பேப்பர்ல போடறதுக்கு எழுதினியா? ஆளு பேரு எங்க? பாஸ்போர்ட் நம்பர் எங்க? எந்த ஏஜென்ட்? எந்த ஊர்ல இருக்காரு?"

ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். அதில் இது ஒன்றுகூட இல்லை.

"இப்பத்தான் போன்ல பேசினாங்க, சார்" என்று பின்னால் நின்ற பட்டாக்காரர் உதவிக்கு வந்தார். "நல்லா இருக்கார்."

"அப்புறம் என்னம்மா?" என்றார் மேசைக்காரர்.

"லேசான சண்டைதான்னாரு சார்" என்றாள் அக்கா.

"சரி, அதான் லேசுதானே?"

"நானும் லேசான தூறல்தான்னேன் சார். கடைக் கூர பறந்துபோயி மதில் மேல கீது."

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளி, "அவங்க சொல்றத மட்டும் எழுது" என்றார். அக்கா சொன்னாள்: பேர், ஊர், ஹோட்டல், பாஸ்போர்ட் மேனேஜர் பெட்டியில் இருப்பது, இப்போது பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்பது, கூப்பிட்ட நம்பர். பாஸ்போர்ட் நம்பர் வீட்டில் இருக்கும் ஜெராக்ஸில் இருப்பதாகவும், நாளைக்கே கொண்டுவருவதாகவும் சொன்னாள். ஏழு வரி வந்தது. முழுசாக ஒருதரம் படித்துக் காட்டச் சொன்னாள். நான் படித்தபோது அவள் என்னைப் பார்க்கவில்லை, மேசைக்காரரைப் பார்த்தாள். அவர் தாளைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அப்புறம்தான் கைநாட்டு வைத்தாள்.

அந்த மனு எங்கெங்கே போனது என்று எனக்குத் தெரியாது. மாசி மாசம் ஆள் வந்து சேர்ந்தார். பாஸ்போர்ட் இல்லை, தூதரகம் கொடுத்த ஒரு தாள் மட்டும். மூன்று பேப்பரிலும் அந்தச் செய்தியைத் தேடினேன், வரவில்லை. அடுத்த மாசமே நானும் வேறு ஊருக்குப் போய்விட்டேன். அது வேறு விஷயம்.

அன்றைக்குத் திரும்பும்போது பெரியபாளையத்தில் இறங்கி அம்மனைப் பார்த்தோம். சாமித் தாள்களை ஆரணி ஆற்றில் விட்டாள், ஜனங்கள் படம் இருந்த தாளைத் தவிர. அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். மறுபடி பஸ் ஏறி உட்கார்ந்ததும் போனை எடுத்து, அந்தப் புது நம்பருக்குக் குரல் பதிவு போட்டாள். பஸ் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசினாள்.

"யோவ், தூறல் இல்லய்யா. பாதிக் கூர பூடுச்சி. அரிசி மூட்ட நனஞ்சிப் போச்சி. ரெண்டு நாளு கட தொறக்கல. நான் ஒயுங்கா சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு. அங்க இன்னா ஆச்சி? ஒண்ணு வுடாம சொல்லு."

ஒரு டிக். கொஞ்ச தூரம் போனதும் இரண்டு. புதுவாயல் வரும்போது நீலம்.

பதில் கவரைப்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. நீளமான பதிவு. அவள் ஸ்பீக்கரில் போடவில்லை. போனைக் காதோடு அழுத்தி, மறு காதைக் கையால் பொத்திக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டாள். நடுவில் ஒருதரம் கண்ணைத் துடைத்தாள். ஒருதரம் "அய்ய" என்றாள். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி போட்டாள்.

என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கும்மிடிப்பூண்டி வந்ததும் இறங்கினோம். "காலைல வா" என்றாள்.